வேலாயுதம் வரையாத படகு

செய்தி வந்தபோது நான் கடைத்தெரு சலூனில், ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தேன். எங்கள் அலுவலகத்தில் பியூனாக இருந்து ஓய்வுபெற்ற கலியபெருமாள், சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு வெளியில் நின்றபடியே சொன்னார்: "சார், நம்ம டிராப்ட்ஸ்மன் வேலாயுதம் போயிட்டாருங்க. காலையில பல்லு வெளக்கப் போனவரு, கெணத்தடியிலயே சாஞ்சுட்டாரு." சவரம் செய்துகொண்டிருந்தவர் கத்தியை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தார். அங்கே ஒரு பழைய தினசரி காலண்டர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. தாள் தீர்ந்து எத்தனையோ வருடமாயிற்று. படத்துக்காகவே அட்டையைக் கழற்றாமல் வைத்திருக்கிறார். "இந்தப் படம் போட்டவரா சார்? அடடா! அந்தத் தூரத்துப் படகு ஒண்ணு போதுமே, கண்ணுல ஒத்திக்கலாம்" என்றார்.

பேசினால் நுரை வாய்க்குள் போய்விடும் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். அந்தப் படகை வேலாயுதம் வரையவில்லை. நான் வரைந்தேன்.

மூன்றாம் நாள் எங்கள் ஊழியர் சங்கக் கட்டடத்தில் இரங்கல் கூட்டம். தலைமை அடியேன். வேலாயுதத்தை அறிந்த நீங்கள் பாதிப்பேர் அங்கே இருந்தீர்கள். பேசிய ஐந்து பேரில் நான்கு பேர் அந்தப் படகைப் பற்றிப் பேசினார்கள். நம்பிக்கையின் சின்னம் என்றார் ஒருவர். வானத்தையும் கடலையும் காலியாக விடாமல் உயிர் கொடுத்திருக்கிறார் பாருங்கள் என்றார் இன்னொருவர். அதே படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, கீழே அவர் பெயரை எழுதி, கூடத்தில் மாட்டுவது என்று செயலாளர் முன்மொழிந்தார். நான் தலையை ஆட்டினேன். பேச வேண்டிய இடத்தில் தலையாட்டியது எனக்குப் புதிதல்ல. அதனால்தான் சங்க ஆண்டு மலருக்கு அஞ்சலி எழுதித் தரச் சொல்லி நீங்கள் கேட்ட இந்தக் கட்டுரையில் உண்மையை எழுதுகிறேன். அச்சிடுவதும் கிழித்துப் போடுவதும் உங்கள் இஷ்டம்.

வேலாயுதம் எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பொதுப்பணித் துறை அலுவலகத்துக்கு வந்தார். காரைக்கால்மேட்டுக்காரர். அப்பா, அண்ணன் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் ஒருவர் படித்து, தொழிற்பயிற்சியில் வரைவு கற்று, மதகுக்கும் மண்சாலைக்கும் படம் போட வந்து சேர்ந்தார். பிரெஞ்சுக்காரர் காலத்து மேசை ஒன்று, இரண்டு ஆள் தூக்கினாலும் நகராதது, ஜன்னலோரம் கிடந்தது. அதை அவருக்குக் கொடுத்தோம். நான் அப்போது தலைமை எழுத்தர். தருமபுரத்திலிருந்து வெள்ளை வேட்டியில் மடிப்புக் கலையாமல் வருகிற ஆள். என் பார்வை படாமல் ஒரு தாளும் மேலே போகாது என்பதில் எனக்கு இருந்த கர்வத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

அந்தக் கர்வத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. கோப்பில் காலி இடம் விடக்கூடாது. குறிப்பு பாதிப் பக்கத்தில் முடிந்தால், மீதிப் பக்கத்துக்குக் குறுக்கே கோடு அடித்துச் சுருக்கொப்பம் போட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் எவனாவது எதையாவது செருகிவிடுவான். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் கற்றுக்கொடுத்த பாடம் இது. இருபது வருடம் இதைச் செய்தவனுக்கு வெள்ளைத்தாளைப் பார்த்தாலே கை அரிக்கும். வேலாயுதம் போட்ட முதல் மதகுப் படத்தையே நான் திருப்பி அனுப்பினேன். வலது மூலையில் நாலு விரற்கடை ஒன்றும் இல்லாமல் கிடந்தது. அவர் படத்தோடு என் மேசைக்கு வந்தார்.

"அந்த மூலையில ஒண்ணும் இல்லைங்க சார். வெறும் வயலு. இல்லாததுக்கு என்னத்த வரையறது?"

"குறுக்கே ரெண்டு கோடாவது போடுங்க. காலியா அனுப்பக்கூடாது."

"கோடு போட்டா அங்க ஏதோ இருக்குன்னு ஆயிடும்ல சார்?"

நான் சிரித்தேன். சட்டம் பேச வந்துவிட்டாயா என்ற சிரிப்பு. கடைசியில் நானே கோடு போட்டு அனுப்பினேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

சாப்பாட்டு வேளையில் அவர் தனக்காக வரைவார். தொட்டு எழுதும் பேனா, கறுப்பு மை, தடித்த அட்டை. பென்சிலில் முன்னோட்டம் கிடையாது. கோடு தொடங்கும்போது மூச்சை நிறுத்திக்கொள்வார், முடிந்ததும் விடுவார். ஒருநாள் எதிர் வீட்டு மாடிக் கைப்பிடியின் இரும்புக் கொடி வேலைப்பாட்டை வரைந்துகொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்துவிட்டு, "அச்சு அசலா இருக்கே" என்றேன். பாராட்டுத்தான். அவருக்குப் பிடிக்கவில்லை. அட்டையைத் தலைகீழாகத் திருப்பி என் முன் வைத்தார். "கோட்டப் பாக்காதீங்க சார். கோட்டுக்கு நடுவுல இருக்கறதப் பாருங்க. அது சரியா வந்துட்டா கோடு தானா வந்த மாதிரி." தலைகீழாகப் பார்த்தபோது கொடியும் இலையும் மறைந்துபோய், வெள்ளைத் துண்டுகள் மட்டும் தெரிந்தன. மாங்காய் மாதிரி ஒன்று, மீன் மாதிரி ஒன்று. ஒவ்வொன்றையும் அவர் தனித்தனியே யோசித்து அளந்திருந்தார். தயிர்சாதம் ஆறுகிறது என்று சொல்லிவிட்டு நான் என் இடத்துக்குப் போய்விட்டேன்.

இப்படி அவர் எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். வேண்டுமென்று யாருக்கும் பாடம் எடுக்கிற ஆள் இல்லை. நான் எதையாவது உளறுவேன், அவருக்குப் பொறுக்காது, சொல்லிவிடுவார். நெருக்கமான கட்டங்களை வரைந்து நிரப்புவதை அவர் திறமை என்று ஒப்புக்கொள்ளமாட்டார். "நெரப்பறது கை வேல சார். எங்க நிறுத்தறதுன்றதுதான் கண்ணு வேல" என்பார். எனக்குக் கையும் இருந்தது, கண்ணும் இருந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் சித்திரத்துக்குப் பரிசு வாங்கியவனாயிற்றே!

பிறகு ஊழியர் சங்கம் ஆண்டு மலர் போட்டது. மலர்க் குழுவுக்கு நான் பொறுப்பு. அட்டைப்படம் வரைந்து தரும்படி வேலாயுதத்தைக் கேட்டேன். ஒரு மாதம் இழுத்தடித்தார். கடைசியில் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கும்பகோணத்தில் அச்சுக்குப் பிளாக் செய்யக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள்.

அந்தப் படத்தை, அது இருந்தபடி, பார்த்தவர்கள் நாங்கள் நான்கு பேர்தான். இடது பக்கம் கீழ் மூலையில் ஒரு பெண் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். பின்கழுத்தில் தொடங்கித் தரை வரைக்கும் ஒரே கோடு, எங்கும் பேனாவைத் தூக்கிய தடம் இல்லை. தோளில் தடித்து, இடுப்பில் மயிரிழையாகி, உட்கார்ந்த இடத்தில் மறுபடி கனத்தது. அவளுக்குப் பக்கத்தில் வலைக் குவியல். வலைக் கண்கள் மடிப்புக்குள் நெருங்கி நெருங்கிக் கறுத்துப்போய், மேலே வர வர அகன்று, விளிம்பில் ஒவ்வொன்றாக எண்ணலாம்போல இருந்தன. சேலைக்கரையில் ஒரு சிறு கட்டம், கூடையில் வேறொரு பின்னல். மூன்று வேலைப்பாடும் ஒன்றை ஒன்று இடிக்காமல் அந்தச் சின்ன மூலைக்குள் இருந்தன. குவியலிலிருந்து ஒரு கயிறு மட்டும் கிளம்பி மேல்நோக்கிப் போய், அட்டையின் நடுவை எட்டுமுன் நின்றுவிட்டது. அப்புறம் ஒன்றும் கிடையாது. முக்கால் அட்டை வெள்ளை.

கடலென்று சொல்ல ஒரு அலை இல்லை. ஆனால் அந்தப் பெண்ணின் தலை இருந்த சாய்வைப் பார்த்தால், எதிரில் இருப்பது கடல் என்று தெரிந்துவிடும். மூலையில் அவ்வளவு அடர்த்தி இருந்ததால்தான் அந்த வெள்ளைக்கு அத்தனை தூரம் கிடைத்தது. இதையெல்லாம் இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு நான் கேட்டது, "மீதி எப்ப முடிப்பீங்க?"

"முடிஞ்சிடுச்சு சார்."

"கையெழுத்துக்கூட இல்லையே?"

"அந்த வெள்ளையில எதையும் வெக்க மனசு வரல. பேரு உள்ள எங்கயாவது போட்டுக்குங்க." மறுநாள் அவருக்குக் கருக்களாச்சேரியில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். விடுப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை குழு கூடியது. குழு என்றால் என்னைத் தவிர இரண்டு பேர். "என்ன சார், பாதிதான் போட்டிருக்காரு?" என்றார் ஒருவர். "அட்டையப் பாத்தா அச்சகத்துல மை தீந்து போச்சுன்னு நெனைப்பாங்க" என்றார் மற்றவர். கும்பகோணம் பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. நான் போய் வேலாயுதத்தின் மேசை இழுப்பறையைத் திறந்தேன். அவருடைய பேனாவையும் மையையும் எடுத்துக்கொண்டேன். அவரது மேசையிலேயே உட்கார்ந்தேன். அலைகள் போட்டேன், வரிசையாக, செதில் செதிலாக. பாதி சூரியன், அதற்குக் கதிர்கள். நாலு பறவைகள். தூரத்தில் பாய் விரித்துக் கரைக்குத் திரும்பும் படகு. பாதியில் நின்றுபோயிருந்த கயிறு அந்தரத்தில் தொங்குகிறதே என்று, அதையும் அலைமேல் நீட்டிப் படகில் கட்டிவிட்டேன். கலியபெருமாள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சார், அவரு கேப்பாருங்களே" என்றார். "கேட்டா சந்தோஷப்படுவார்யா" என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை என்பதைத்தான் இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை. தீங்கு செய்கிறோம் என்று தெரிந்து செய்தவனுக்காவது ஒரு புத்தி இருந்திருக்கும்.

மலர் வந்தது. அட்டையைப் பார்த்து எல்லோரும் வேலாயுதத்தின் முதுகில் தட்டினார்கள். அவர் மலரைக் கையில் வாங்கினார், பார்த்தார், மூடினார். என் மேசைக்கு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"என் பேனாவாலயா போட்டீங்க?"

"ஆமாம். ஏன், மை ஒரே மாதிரி இருக்கணும்ல?"

தன் மேசைக்குப் போய் அந்தப் பேனாவை எடுத்து வந்து என் முன் வைத்தார். "வெச்சுக்குங்க சார்" என்றார். அவ்வளவுதான். குரல் உயரவில்லை. அதன் பிறகு அவர் சாப்பாட்டு வேளையில் வரைந்து நான் பார்த்ததில்லை, வீட்டிலும் வரையவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். அலுவலகப் படங்கள் மட்டும் ஒழுங்காக வந்தன. அவற்றில் ஒரு மூலைகூடக் காலியாக இல்லை. வயலானாலும் திடலானாலும், குறுக்கே இரண்டு கோடு, அளவெடுத்தாற்போல. திருப்பி அனுப்ப எனக்கு ஒரு காரணமும் கொடுக்கவில்லை. நான் ஓய்வு பெறும்வரை, பத்து வருடம் அப்படியே செய்தார்.

படம் அதோடு நிற்கவில்லை. ஒரு ஜவுளிக்கடைக்காரருக்குப் பிடித்துப்போய், அனுமதி கேட்டு வந்தார். சங்கத்தின் சார்பில் கொடுத்தது நான். தினசரி காலண்டர் அட்டையாகி, அது போகாத வீடு இல்லை. டீக்கடை, டெய்லர் கடை, பாய் கடைக் கல்லாப்பெட்டிக்கு மேல், எங்கே போனாலும் என் படகு அவர் பெயரோடு தொங்கியது. அவர் ஏன் ஒரு இடத்திலாவது "இது நான் போட்டதில்லை" என்று சொல்லவில்லை? சொல்லியிருந்தால் என் மானம் போயிருக்கும், அவர் பெயர் பிழைத்திருக்கும். பெருந்தன்மை என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் சௌகரியத்துக்கு ஏற்ற நினைப்பு.

காரணம் தெரியவந்தது மலர் வந்து மூன்று வருடம் கழித்து. கலியபெருமாள்தான், ஓய்வு பெறுகிற அன்று, மாலையைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார். மலர் வருவதற்கு முந்தின வருடம் காரைக்கால்மேட்டில் ஒரு படகு திரும்பவில்லை. அப்படி ஒரு பேச்சு அலுவலகத்தில் அடிபட்டது எனக்கும் நினைவிருந்தது. யார் வீட்டுப் படகு என்று கேட்கத் தோன்றவில்லை, காரைக்கால்மேடு வரைக்குமான மூன்று மைல் எனக்கு அவ்வளவு தூரம். அது வேலாயுதத்தின் அண்ணன் போன படகு. உடல் கிடைக்கவில்லை. அண்ணி தாலியைக் கழற்ற மறுத்து, நாலு நாள் கரையில் போய் உட்கார்ந்திருந்தாராம். அந்த நாலு நாளுக்கு வேலாயுதம் விடுப்பு எழுதிக் கொடுத்தபோது, காரணம் எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருந்தார். அதையும் நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். "பத்தி நிரப்பப்படவில்லை" என்று சிவப்பு மையில் எழுதி. அவர் "சொந்த வேலை" என்று எழுதித் திரும்பக் கொடுத்தார்.

அன்று மாலையே அவரைப் பிடித்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தேன். தெரியாமல் செய்துவிட்டேன், அண்ணன் விஷயம் தெரிந்திருந்தால் தொட்டிருக்கமாட்டேன் என்றேன். அவர் நின்றார். அவரைக் கோபமாக நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அண்ணன இதுல இழுக்காதீங்க சார். அண்ணன் அன்னைக்கே கரையேறி வந்திருந்தாலும் அந்த எடத்த நான் அப்படித்தான் விட்டிருப்பேன். படத்துக்கு அது வேணும். துக்கத்துக்கு விட்ட எடமுன்னு நெனைச்சுக்கிட்டீங்கன்னா நீங்க இன்னும் படத்தப் பாக்கலன்னு அர்த்தம்."

"அப்ப நீங்களே எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கலாமே? நான் போட்டதுன்னு?"

"எப்படிச் சொல்றது? அண்ணி வீட்டுச் சுவத்துல அந்தக் காலண்டருதான் தொங்குது. தம்பி போட்ட படகுன்னு தெனம் பூ வெக்குது. கயிறு கட்டியிருக்கு பாரு, இழுத்துக்கிட்டு வந்துடுவாருன்னு புள்ளைங்களுக்குச் சொல்லுது. அதப் போட்டது ஒரு ஹெட் கிளார்க்குன்னு நான் போயிச் சொல்லவா?"

ஒரு மனிதர் தன் கண்ணுக்குப் பொறுக்காத ஒன்றை, தன் பெயரில், தன் குடும்பத்துக்குள்ளேயே, ஒவ்வொரு நாளும் ஒப்புக்கொண்டு வாழ்ந்திருக்கிறார். ஒரு புதுப் படம் வரைந்தால் அண்ணி அதைக் காலண்டர் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவார்கள், கை வேறு என்று தெரிந்துவிடும். அதனால் தனக்கென்று மறுபடி வரையவே இல்லை.

மூல அட்டை சங்க அலமாரியில் இருந்தது. நான் அதை வீட்டுக்கு எடுத்துப்போய், என் படகைச் சவர பிளேடால் சுரண்டிப் பார்த்தேன். வரைவாளர்கள் மையை அப்படித்தான் எடுப்பார்கள். மை போயிற்று. அட்டை பஞ்சு பஞ்சாகக் கிளம்பி, சாம்பல் நிறத்தில் ஒரு படகு அதே இடத்தில் நின்றது. வெட்கத்தை விட்டு அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார். "மை போயிடும் சார். வெள்ள திரும்பாது" என்று சொல்லி என்னிடமே கொடுத்துவிட்டார்.

அண்ணி போன ஆவணியில் காலமானார். அடுத்த வருடம் ஓய்வு பெற்றதும் பேனா பிடிக்கப்போவதாக வேலாயுதம் யாரிடமோ சொன்னாராம். அந்த ஓய்வும் வரவில்லை, அந்தப் படமும் வரவில்லை. இனி இந்த உண்மையை மறைக்க யாருக்காகவும் அவசியமில்லை. கூடத்தில் அந்தப் படத்தை அவர் பெயரில் மாட்டாதீர்கள். உங்கள் வீட்டில் அந்தக் காலண்டர் இருந்தால், ஒரு வெள்ளைத்தாளால் அலைகளையும் சூரியனையும் படகையும் மூடிவிட்டுப் பாருங்கள். பெண்ணையும் வலையையும் பாதிக் கயிற்றையும் மட்டும் விடுங்கள். அதுதான் வேலாயுதம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், காரைக்கால்மேட்டுக்குப் போனேன். அவர் மனைவி "வாங்க சார், உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஆரம்பித்தேன். "அந்தப் படத்தப் பத்தி உங்ககிட்ட ஒரு வார்த்த..."

"இருங்க சார்" என்றார். "அவரு சொல்லி வெச்சிருக்காரு. ஹெட் கிளார்க் சாரு என்னைக்காவது வருவாரு, வந்தா உக்காரச் சொல்லு, தண்ணி குடு, மரியாத கொறையக் கூடாது. படத்தப் பத்திப் பேச்செடுத்தா மட்டும் நீ எழுந்து உள்ள போயிடுன்னு."

எழுந்து உள்ளே போய்விட்டார். கோபம் ஒன்றும் இல்லை, உலை கொதிப்பதைப் பார்க்கப் போகிறவரைப் போலப் போனார். நான் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். கதவுக்கு உள்ளே கேட்கும்படி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வரலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் மன்னிப்புக் கிடைத்துவிடும், கணக்கு முடிந்துவிடும் என்ற அந்தப் பழைய தலைமை எழுத்தர் புத்தி. சொல்லவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வேலாயுதம் என்னை மன்னிக்கவில்லை. அவர் எனக்கென்று காலியாக விட்ட இடம் அது ஒன்றுதான், அதை அவர் விட்டபடியே வைத்திருக்கிறேன்.